ஹோன்ட் ஃபினிஷ்: சொல்லும் பொருளும்

குளியலறைக்கு மார்பிளோ கோட்டா கல்லோ பார்க்கப் போனால், "பாலிஷா, ஹோன்ட்டா?" என்று கடையில் கேட்பார்கள். ஹோன்ட் என்றால் என்னவென்று திருப்பிக் கேட்டால் 'மேட்', அதாவது பளபளப்பில்லாதது, என்று பதில் வரும். அது பாதிதான் சரி. மேட் என்பது கல்லின் தோற்றத்தைச் சொல்கிறது, ஹோன்ட் அதைச் செய்த விதத்தை.

ஆங்கிலத்தில் 'ஹோன்' என்றால் கத்தி தீட்டும் கல். பழைய ஆங்கிலத்தில் அது 'ஹான்'. கல், எல்லைக்கல் என்று பொருள். பிறகு தீட்டுக்கல்லுக்கும், அப்புறம் தீட்டும் செயலுக்கும் பெயரானது. நம்முடைய 'சாணை' வடமொழி 'சாண' என்பதிலிருந்து வந்தது. அதற்கும் தீட்டுக்கல் என்றே பொருள். கூராக்குதல் என்ற பொருளுள்ள ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து ஹோனும் சாணையும் கிளைத்தன என்று சொற்பிறப்பு அகராதிகள் சொல்கின்றன. தெருவில் சக்கரம் மிதித்துச் சாணை பிடிப்பவரும் மார்பிள் கடைக்காரரும் பங்காளிச் சொற்களைத்தான் புழங்குகிறார்கள்!

வேலை நடக்கும் விதம் இது: வைரத்துகள் பதித்த தட்டால், தண்ணீர் விட்டுக்கொண்டே கல்லைத் தேய்ப்பார்கள். 50, 100, 200, 400 என்று எண் ஏற ஏறத் துகள் பொடிசாகும். 400 வாக்கில் நிறுத்தினால் தொட்டால் வழுவழுப்பு, பார்த்தால் மங்கல். அதுதான் ஹோன்ட். விடாமல் 800, 1500, 3000 என்று போனால் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும்.

குளியலறைத் தரைக்கு என் ஓட்டு ஹோன்ட்டுக்குத்தான். ஈரத்தில் வழுக்குவது குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. மார்பிள், கோட்டா, கடப்பா மூன்றும் சுண்ணாம்புச் சத்துள்ளவை. அமிலம் பட்டால் அரிக்கும். கடப்பா மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் வெளுத்துக் கிடப்பதை எந்தச் சமையலறையிலும் பார்க்கலாம். போர் தண்ணீரின் உப்புக்கறை போகட்டும் என்று கழிப்பறை ஆசிட்டை ஊற்றினால் கதை இன்னும் மோசம். பளபளப்பான கல்லில் அந்தத் தழும்பு கண்ணை உறுத்தும், ஹோன்ட்டில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நுண்துளைகள் திறந்தே இருப்பதால் எண்ணெயும் மருதாணியும் சீக்கிரம் ஊறிவிடும், ஆகவே துளைகளில் கறை இறங்காமல் காக்கும் சீலர் என்ற பூச்சைப் பூச வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரைக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். கல் கறுத்தால் சீலர் தேய்ந்துவிட்டது. சீலர் கறையைத் தடுக்கும், அமில அரிப்பைத் தடுக்காது. தினமும் கழுவ, அமிலமோ காரமோ இல்லாத மென்சோப்பு போதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சாணைக்கல்' என்றால் கத்திதான் நினைவுக்கு வரும். 'மங்கல் கல்' என்றால் பழசு என்று நினைத்துவிடுவார்கள். எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது 'இழைத்த கல்'. மரத்தை இழைக்கிறோம், தண்ணீர் விட்டுச் சந்தனம் இழைக்கிறோம். இங்கேயும் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதுதான் வேலை. பாலிஷுக்கு 'மெருகேற்றிய கல்' ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பாலிஷ் போட வருபவரிடம் 'இழைத்துக் கொடுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். "400-ஓட நிறுத்திடுங்க" என்று எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.