மதுவமா, நொதியா?

ஈஸ்ட்டை 'நொதி' என்று எழுதுவதைப் பல காலம் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் பிழைதிருத்த வந்த ஓர் ஆய்வகக் கையேட்டில் இந்த வரி: 'நொதியின் நொதி நிறப்பொருளைப் பிளப்பதால் நொதி பச்சையாகும்.' மூன்றில் இரண்டு ஈஸ்ட், ஒன்று என்சைம், அதாவது உயிரணுக்களில் வேதிவினையைத் தூண்டும் புரதம். எது எது என்று படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஈஸ்ட் என்ற சொல்லின் வேருக்குப் பொங்குதல், நுரைத்தல் என்று பொருள். நொதித்தலும் அதுதானே என்பார்கள். சரி. என்சைம் என்ற கிரேக்க ஆக்கத்துக்கும் 'ஈஸ்ட்டுக்குள்' என்றே பொருள். ஆனால் 1877இல் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே அதை உருவாக்கியது ஏன்? அதுவரை உயிருள்ள ஈஸ்ட்டையும் அதில்லாமலே வேலைசெய்யும் பொருளையும் 'ஃபெர்மென்ட்' என்ற ஒரே சொல்லால் குறித்துக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் பிரித்துவைத்ததை நம் மொழிபெயர்ப்பாளர்கள் மறுபடி ஒட்டுகிறார்கள்.

ஈஸ்ட் வகைகளை வளர்த்து நிறத்தால் அடையாளம் காணும் கூழான அகார் தட்டில் இந்தக் குழப்பம் கூடவே கூடாது. 48 மணி நேரம் கழித்துத் திறந்தால் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைகளில் அல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் உலோக நீலம், குருசெய் சொரசொரப்பாகப் பரந்த இளஞ்சிவப்பு. (ஈஸ்ட் பெருகித் திரண்ட இந்தக் காலனிகளைக் கையேடு 'குடியேற்றங்கள்' என்கிறது. கப்பலேறி வந்தனவா?) குருசெய்க்கு ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து பலிக்காது என்பதால் நிறம் பார்ப்பது வெறும் அழகுக்கல்ல. இந்த நிறங்கள், என்சைம்கள் அகாரில் கலந்த நிறப்பொருளைப் பிளப்பதால் வருபவை. ரோடோடோருலா என்ற இன்னொரு ஈஸ்ட்டின் செம்மையோ அதன் சொந்தக் கரோட்டினாய்டு நிறமி. சாதாரண அகாரிலும் அப்படியேதான் இருக்கும். உயிரியும் என்சைமும் ஒரே 'நொதி' என்றால் இந்த வேறுபாட்டை எப்படிச் சொல்வது?

இலங்கைப் பாடநூல்களில் ஈஸ்ட்டுக்கு 'மதுவம்' என்ற சொல் இருக்கிறது. கிரிப்டோகாக்கஸ் என்ற ஈஸ்ட் சர்க்கரையை நொதிக்கவே நொதிக்காது, அதற்கு எதற்கு மது என்று கேட்கலாம். நியாயம்தான், ஆனால் அதே கேள்வி நொதிக்கும் உண்டு. மதுவம் வேறெதற்கும் வாக்கப்படாத சொல்; எனக்கு அது போதும். அதுவும் பிடிக்காவிட்டால் ஈஸ்ட் என்றே எழுதுங்கள்.

'மதுவத்தின் நொதி நிறப்பொருளைப் பிளப்பதால் காலனி பச்சையாகும்' என்று திருத்தி அனுப்பினேன். ஓரத்தில் பென்சில் குறிப்போடு திரும்பி வந்தது: 'மதுவம் என்றால் சாராயமா?'