குண்டோட சேர்ந்து உள்ள போறது என்னன்னு தெரியுமா?

போன வருஷம் நைட் டியூட்டியில ஒரு கேஸ். காட்டுப்பன்னிக்கு எடுத்துட்டுப் போன நாட்டுத் துப்பாக்கி கை தவறி வெடிச்சு தொடையில பால்ரஸ் குண்டு. ரத்தம் நிக்கட்டும்னு அவங்க அண்ணன் காபித்தூளை அள்ளி அப்பியிருக்கார், போலீஸ் கேஸ் ஆகிடும்னு பயந்து ஒரு நாள் முழுக்க வீட்லயே வெச்சு மெடிக்கல்ல ஏதோ கேப்சூல் வாங்கிக் குடுத்துட்டு, கால் வீங்கி ஜுரம் ஏறின பிறகுதான் தூக்கிட்டு வந்தாங்க. (போலீஸ் கேஸ்னாலும் முதல்ல வைத்தியம்தான் பாக்கணும்னு 1989லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, தயவுசெஞ்சு இதுக்காக வீட்ல வெச்சுக்காதீங்க.)

ஆபரேஷன் தியேட்டர்ல காயத்தை விரிச்சா ரெண்டு குண்டு, அதோட லுங்கித் துணி ஒரு துண்டு, தேங்காநார். கரிமருந்தை அடைக்க நார்தானே திணிப்பாங்க, அதுவும் சேர்ந்தே உள்ள போயிருக்கு. குண்டு சூடா வர்றதால கிருமி செத்துடும்னு நிறைய பேர் நம்புறாங்க. சாகாது. 1890கள்ல லகார்ட்னு ஒரு அமெரிக்க ராணுவ டாக்டர் ஆந்த்ராக்ஸ் கிருமி தடவின குண்டை சுட்டுப் பாத்தார், பட்ட மிருகத்துக்கு ஆந்த்ராக்ஸ் வந்துச்சு.

சரி, ஆன்டிபயாட்டிக் குடுத்தா போதாதா? மருந்து ரத்தத்து வழியாத்தான் காயத்துக்குப் போகணும், குண்டு போன பாதையைச் சுத்தி சதை நசுங்கி செத்துக் கிடக்கு, அங்க ரத்தமே ஓடாது, அப்புறம் மருந்து எப்படிப் போகும்? கிள்ளினா துடிக்காத, வெட்டினா ரத்தம் வராத சதையை எல்லாம் வெட்டி எடுத்துட்டு சலைன் விட்டுக் கழுவணும், அதுதான் முதல் வைத்தியம். ஆன்டிபயாட்டிக் அதுக்குத் துணை. ஆனா துணைன்னாலும் சீக்கிரம் வேணும், எலும்பும் உடைஞ்சிருந்தா செஃபசோலின் மாதிரி ஆன்டிபயாட்டிக் ஊசி முதல் 3 மணி நேரத்துக்குள்ள போயிடணும், குடல்ல ஓட்டைன்னா மெட்ரோனிடசோல் மாதிரி இன்னொண்ணும் சேரும். டெட்டனஸ் வராம இருக்கப் போடுற டி.டி. ஊசியை மறந்துடக் கூடாது.

சொந்தக்காரங்க வாசல்ல கேக்குற முதல் கேள்வி, "குண்டை எடுத்தாச்சா டாக்டர்?" குண்டை எல்லா நேரமும் எடுக்கணும்னு இல்லைங்க, மூட்டுக்குள்ள இருந்தா எடுத்தே ஆகணும், சதையில சும்மா கிடந்தா தேடித் துழாவுறதுதான் ஆபத்து. அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை 1881 ஜூலை 2 அன்னிக்கு சுட்டாங்க, குண்டு கணையத்துப் பக்கம் போய் அடங்கிக் கிடந்துச்சு, ஆனா டாக்டர்கள் கழுவாத விரலை விட்டு விட்டுத் தேடினாங்க, சீழ் பிடிச்சு செப்டம்பர் 19 இறந்துட்டார். காயத்துல கிருமி போகாம பாத்துக்கணும்னு லிஸ்டர்ங்கிற பிரிட்டிஷ் சர்ஜன் எழுதி அப்பவே 14 வருஷம் ஆச்சு!

வலி நேரத்துக்கு நேரம் ஏறிட்டே போனா, காயத்தைச் சுத்தித் தொட்டா நறநறன்னு காத்து தெரிஞ்சா, ஒரு நிமிஷம்கூட வெயிட் பண்ணாதீங்க, அது கேஸ் கேங்ரீனா (கிருமியால சதை அழுகி உள்ள வாயு சேர்றது) இருக்கலாம், சில மணி நேரத்துலயே காலையே எடுக்குற நிலைமைக்குப் போயிடும். தொடையில குண்டு பட்ட நம்ம ஆளுக்கு நல்லவேளை அந்த அளவுக்குப் போகல. காயத்தைத் தைக்காம திறந்தே வெச்சு கட்டு மாத்திட்டு இருந்தோம், அண்ணன் தினமும் ரவுண்ட்ஸ்ல "ஏன் சார் இன்னும் தையல் போடல"ன்னு சண்டைக்கு வருவார். உள்ள சுத்தமா இருக்குன்னு தெரிஞ்சதும் அஞ்சாம் நாள்தான் தைச்சோம்.