தலைகீழாகப் பார்க்க வேண்டிய நாற்காலி

மண்வெட்டிக் காம்பு ஆட ஆரம்பித்தால் தாத்தா அதை இரவு முழுவதும் மாட்டுத் தொட்டித் தண்ணீரில் போட்டுவிடுவார். காலையில் காம்பு கல்லாக இறுகியிருக்கும். இரண்டு மூன்று வாரம் வேலை ஓடும். பிறகு முன்னைவிட மோசமாக ஆடும். மறுபடியும் தொட்டி. வைத்தியமே நோயை வளர்க்கிறது என்பது எனக்குப் புரிய முப்பது ஆண்டுகள் ஆயின. லண்டன் புறநகர்ச் சந்தை ஒன்றில் வாங்கிய பழைய நாற்காலிதான் அதைப் புரியவைத்தது.

மரம் தண்ணீர் குடித்தால் பருக்கும். காம்பைச் சுற்றி இரும்பு வளையம் இருப்பதால் பருக்க இடமில்லை. ஆனால் மரம் விடாது. உள்ளே நெருக்கிக்கொண்டு தன் நார்களைத் தானே நசுக்கிக்கொள்ளும். காய்ந்ததும் சுருங்குகிறது. நசுங்கிய நார் மட்டும் நிமிர்வதில்லை. அதனால் காம்பு பழைய அளவுக்குத் திரும்பாமல் அதைவிடச் சற்று இளைத்துப்போகிறது. நாற்காலியின் மூட்டிலும் இதேதான் நடக்கிறது. தொட்டித் தண்ணீருக்குப் பதில் கோடையின் ஈரக்காற்று, வெயிலுக்குப் பதில் குளிர்காலத்தில் சுவரோரம் எரியும் ஹீட்டர். ஆண்டுக்கு ஒரு சுற்று என்றால் நூறு ஆண்டு நாற்காலி நூறு சுற்றுப் பார்த்துவிட்டது. அப்படியும் சில நாற்காலிகள் ஆடாமல் நிற்கின்றன.

முதுகில் வரிசையாக மெல்லிய குச்சிகள் நிற்கும் விண்ட்சர் நாற்காலி அந்த வகை. சாதாரண நாற்காலியில் பின்னங்கால்களே மேலே நீண்டு முதுகைத் தாங்கும் தூண்களாகிவிடும். விண்ட்சரில் அப்படியில்லை. கால்கள் இருக்கைப் பலகையோடு முடிந்துவிடுகின்றன. முதுகுக் குச்சிகள் அதே பலகையிலிருந்து தொடங்குகின்றன. கனத்த பலகை ஒன்றில் கீழேயும் மேலேயும் துளையிட்டுக் கம்புகளைச் செருகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் ஓர் ஆணிகூட இருக்காது.

கால் செருகும் துளையைப் பாருங்கள். நல்ல வேலைப்பாட்டில் அது கீழே அகன்று மேலே குறுகியிருக்கும். காலின் நுனியும் காரட்டைப் போல அதற்கு ஏற்பக் கூம்பியிருக்கும். உட்காருகிறவரின் எடை ஒவ்வொரு முறையும் காலை இன்னும் இறுக்குகிறது. மரம் இளைத்தாலும் எடை அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. இதற்கு மேல், கால் நுனி பலகையின் மேற்பரப்பு வரை வந்ததும் அதில் பிளவு போட்டு ஆப்பு அடிப்பார்கள். இந்த ஆப்பின் கோடு பலகையின் ரேகைக்கு, அதாவது நார் ஓடும் திசைக்கு, குறுக்கே இருக்க வேண்டும். ரேகையோடு சேர்ந்து ஓடினால், விறகுக்கு அடித்த ஆப்பு மாதிரி அது பலகையையே பிளக்கப் பார்க்கும். கடையில் நாற்காலியைத் தொடாமலேயே செய்யக்கூடிய முதல் பரிசோதனை இது.

மூட்டின் இன்னொரு இரகசியம் ஈரத்தில் இருக்கிறது. தேர்ந்த கைகள் செருகும் முனையை அடுப்புச் சூட்டில் நன்றாகக் காயவைத்துவிட்டு, அதைவிடச் சற்று ஈரமாக உள்ள மரத்தில் செருகும். பிறகு வீட்டுக் காற்றில் காய்ந்த முனை கொஞ்சம் ஈரம் வாங்கிப் பருக்கும். ஈரமான துளை காய்ந்து சுருங்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தாத்தாவின் வைத்தியத்தை இங்கே திருப்பிப் போட்டிருக்கிறார்கள்: நனைத்து இறுக்குவதற்குப் பதில் காயவைத்து இறுக்குகிறார்கள்.

ஒரே மரத்தில் இந்த நாற்காலியைச் செய்ய முடியாது, செய்தால் ஏதாவது ஒரு பக்கம் தோற்கும். இங்கிலாந்தில் இருக்கைக்கு எல்ம். அதன் நார்கள் ஒன்றுக்கொன்று பின்னிக்கிடப்பதால், இத்தனை துளைகளும் ஆப்புகளும் ஏறினாலும் பலகை பிளக்காது. கால்களுக்குக் கடைசலுக்கு இணக்கமான பீச். முதுகுக் குச்சிகளைச் சேர்த்துப் பிடிக்கும் வளைவுக்கு ஆஷ், விலையுயர்ந்தவற்றில் யூ. வளைவுக் கம்பை நீராவிப் பெட்டியில் வைத்து, அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கைக்கணக்கில் வேகவைப்பார்கள். நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகும். வெளியே எடுத்ததும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அச்சில் வளைத்துப் பூட்ட வேண்டும். ஆறினால் கம்பு பழைய பிடிவாதத்துக்குத் திரும்பிவிடும்.

குச்சிகளைப் பழைய முறையில் ரம்பத்தால் அறுக்க மாட்டார்கள்; கட்டையைப் பிளந்து, பிறகு செதுக்குவார்கள். பிளவு நாரின் போக்கிலேயே ஓடும். அதனால் விரல் கனமுள்ள குச்சியிலும் நார் அடியிலிருந்து நுனி வரை அறுபடாமல் போகும். நீங்கள் சாயும்போது குச்சி வளைந்து கொடுத்து, எழுந்ததும் நிமிரும். அறுத்த குச்சியில் வரிகள் நடுவழியில் பக்கவாட்டில் வெளியேறிவிடும். ஒடியும்போது அந்த இடத்தில்தான் சாய்வாக ஒடியும். குச்சியின் நீளத்தில் கண்ணை ஓட்டி வரிகளைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

கால்களைச் செய்தவர்களுக்குத் தனிப் பெயர் உண்டு: பாட்ஜர்கள். லண்டனுக்கு வடமேற்கே சில்டெர்ன் குன்றுகளின் பீச் காடுகளிலேயே கொட்டகை போட்டு, கால்மிதியில் ஓடும் கடைசல் பட்டறையில் பச்சை மரத்தைக் கடைந்து, உலர்த்தி, ஹை விக்கம் நகரத்துத் தொழிற்கூடங்களுக்கு விற்றார்கள். 1870களில் அந்த ஒரு நகரம் நாளொன்றுக்குச் சுமார் 4,700 நாற்காலிகள் செய்தது என்று கணக்குச் சொல்கிறார்கள். ஊர்க் கால்பந்து அணிக்கு இன்றும் செல்லப்பெயர் 'சேர் பாய்ஸ்'. நாற்காலிப் பையன்கள் என்று கூச்சமில்லாமல் பெயர் வைத்துக்கொள்ள எவ்வளவு நாற்காலி செய்திருக்க வேண்டும்!

பச்சையாகக் கடைந்த கால் ஒரு சாட்சியை விட்டுச்செல்கிறது. மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. நீளவாக்கில் ஏறக்குறைய இல்லை. மரத்தின் ஆண்டு வளையங்களுக்குக் குறுக்கே ஓரளவு, வளையங்களை ஒட்டிய திசையில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பீச்சில் முழுக்க உலர்ந்தால் இவை சுமார் 6, 12 சதவீதம். ஆகவே பச்சையில் வட்டமாகக் கடைந்த 40 மில்லிமீட்டர் கால், வீட்டில் உலர்ந்த நிலையில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்காவது நீள்வட்டமாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, தடிமன் அளக்கும் காலிப்பரில் தெரியும். இரு திசையில் அளந்து இரண்டும் ஒன்றாக வந்தால், உலர்ந்த மரத்தை இயந்திரத்தில் கடைந்தது என்று சந்தேகிக்கலாம். 'பதினெட்டாம் நூற்றாண்டு சார்' என்று கடைக்காரர் சொல்லும்போது பையிலிருந்து காலிப்பரை எடுத்தால் அவர் முகம் மாறுவதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.

அமெரிக்க விண்ட்சர் வேறு குடும்பம். 1740களிலிருந்து பிலடெல்பியா அதன் தலைநகர். இருக்கைக்கு மென்மையான பைன் அல்லது டூலிப் பாப்ளர், காலுக்கு மேப்பிள், குச்சிக்கு ஹிக்கரி. மூன்று நிறமும் சேர்ந்தால் பார்க்கச் சகிக்காது என்பதால் வண்ணம் பூசினார்கள். பச்சை மிகவும் பிடித்த நிறம். ஜார்ஜ் வாஷிங்டன் 1799இல் இறந்த பிறகு மவுன்ட் வெர்னான் மாளிகையில் எடுத்த கணக்கில், ஆற்றைப் பார்த்த தாழ்வாரத்தில் மட்டும் 30 விண்ட்சர் நாற்காலிகள் இருக்கின்றன. பழைய வண்ணம் இருக்கும் நாற்காலியைச் சுரண்டி 'மரத்தின் அழகை' வெளிக்கொணர ஆசைப்படாதீர்கள். விலை பாதியாகச் சரியும். அந்தப் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், உப்புத்தாள் போட்டால் அந்தத் தூசு உங்கள் நுரையீரலுக்குப் போகும்.

வாங்கும்போது செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் நாற்காலியைக் கவிழ்த்த பிறகுதான் தொடங்குகிறது. மேலே மெருகு ஏற்றியவர்கள் அடிப்பக்கத்தை மறந்துவிடுவார்கள். அடியில் நேரான, ஒழுங்கற்ற ரம்பக் கோடுகள் இருந்தால் கையால் அறுத்த பலகை. வில்போல வளைந்த கோடுகள் வட்ட ரம்பத்துடையவை. கால்களைச் சேர்க்கும் குறுக்குக் கம்பு, பாதம் படும் இடத்தில் மட்டும் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடத்திலும் சமமாகத் தேய்ந்திருந்தால் தேய்த்தது கால் அல்ல, உப்புத்தாள். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான வட்டத் துளைகள் உளுவின் வாசல்கள், தட்டிப் பாருங்கள். வெளிறிய புதுத்தூள் கொட்டினால் குடியிருப்பவர்கள் இன்னும் காலி செய்யவில்லை. இருக்கை தரையிலிருந்து 43 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே இருந்தால், ஈரத் தரையில் இற்றுப்போன கால்களை யாரோ அறுத்திருக்கலாம். சாப்பாட்டு மேசையில் மோவாய் தட்டை இடிக்கும்.

என் நாற்காலியில் இவை எல்லாம் சரியாக இருந்தன. முதுகில் சக்கரம் செதுக்கிய வகை, ஒரு குறுக்குக் கம்பு மட்டும் லேசாக ஆடியது. வீட்டுக்கு வந்ததும் வெள்ளைப் பசையைத் துளைக்குள் பிழிந்து இறுக்கிக் கட்டினேன். அடுத்த குளிர்காலத்தில் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த அந்த மூட்டு, பசையோடு அப்படியே கழன்றுவந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் பழைய வஜ்ஜிரம் கண்ணாடிபோலப் படிந்திருந்தது. என் பசை பிடித்தது மரத்தை அல்ல, அந்தப் படிவத்தை. விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரத்தின் பெருமையே அது வெந்நீரில் இளகும் என்பதுதான். துணியை வெந்நீரில் நனைத்துச் சுற்றி வைத்தால் மூட்டு நோகாமல் கழலும், துடைத்துச் சுத்தம் செய்து புது வஜ்ஜிரம் போட்டால் மீண்டும் பிடிக்கும். நான் போட்ட பசையைச் சுரண்டி எடுக்கத் தச்சருக்கு ஒரு பிற்பகல் ஆனது. இரும்புத் திருகு போட்டு 'உறுதி' செய்த நாற்காலி கிடைத்தால், விலை எவ்வளவு குறைவானாலும் நான் இப்போது தள்ளிப்போய்விடுகிறேன். மரம் அசையும், இரும்பு அசையாது. நடுவில் கிழிவது மரம்.

பழம்பொருள் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு எர்கோல் நாற்காலிகள் இருக்கின்றன. லூசியன் எர்கோலானி ஹை விக்கத்தில் 1920இல் தொடங்கிய நிறுவனம் அது. 1944இல் பிரிட்டிஷ் அரசு ஒரு லட்சம் மலிவு நாற்காலிகளை அங்கே கேட்டபோது, விண்ட்சர் இயந்திரத்துக்கு மாறியது. அந்த மரபில் வந்த நாற்காலிகளில் காலின் ஆப்பு இருக்கைமேல் சிறு கோடாக இன்றும் தெரியும். எல்ம் இருக்கை உள்ளவையாகப் பார்த்து எடுங்கள். 1960களின் இறுதியில் பரவிய டச்சு எல்ம் நோய் பிரிட்டனின் கோடிக்கணக்கான எல்ம் மரங்களைக் கொன்றுவிட்டது. அவ்வளவு அகலமான எல்ம் பலகைக்கு இப்போது பழைய நாற்காலியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

என் சக்கர முதுகு நாற்காலி இப்போது ஹீட்டருக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது. அதன் கால் 38.5க்கு 37 மில்லிமீட்டர்.