லோ வோல்டேஜில் மோட்டார் ஏன் எரியுது?

சித்திரை பிறந்தால் போதும், அன்னூர், அவிநாசி, பல்லடம் பக்கம் காயில் கட்டும் கடைகளில் கருகின மோட்டார்கள் இடம் கொள்ளாமல் கிடக்கும். கொண்டுவருகிறவர்கள் கேட்பதும் ஒரே கேள்விதான்: "ஏனுங்க, 415 வர வேண்டிய வோல்டேஜே 350தான் வந்துச்சு. கரண்டும் கம்மியாத்தானே இழுத்திருக்கும்? அப்புறம் எப்படீங்க எரியும்?"

பள்ளிக்கூடத்துக் கணக்கு இது. வோல்டேஜை ஓமால் வகுத்தால் ஆம்பியர். கணக்கில் தப்பில்லை, போட்ட இடம்தான் தப்பு. ஓம் 1827இல் வெளியிட்ட விதி ஹீட்டருக்கு ஒழுங்காகப் பொருந்தும். 2000 வாட் கெய்சரை எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230ஐ 8.7ஆல் வகுத்தால் 26.4 ஓம். வோல்டேஜ் 190க்கு இறங்கினால் 7.2 ஆம்பியர்தான் ஓடும், பவர் 1370 வாட்டுக்கு வந்துவிடும். தண்ணீர் காய நேரமாகும், அவ்வளவுதான்.

மோட்டார் கெய்சர் இல்லீங்க. மல்டிமீட்டரில் மோட்டாரின் இரண்டு பேஸுக்கு நடுவே 4 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள். 415ஐ நாலால் வகுத்தால் 104 ஆம்பியர். ஓடும்போது கம்பியைச் சுற்றி மாட்டி ஆம்பியர் பார்க்கும் கிளாம்ப் மீட்டர் வைத்தால் எட்டு ஆம்பியர்தான் காட்டும். சுற்றுகிற மோட்டாரின் காயிலில் எதிர் வோல்டேஜ் எழுந்து கரண்டைப் பிடித்து வைத்திருக்கிறது. நின்ற மோட்டாரில் அளந்த ஓமை வைத்து ஓடும் கரண்டைச் சொல்ல முடியாது.

அந்தக் காலத்தில் மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைத்த கவலையை நினைத்துப் பாருங்கள். மாடு இளைத்திருக்கிறது என்பதற்காகத் தண்ணீர்ச் சாலின் எடை குறையுமா? பம்புக்குத் தூக்க வேண்டிய தண்ணீர் அதேதான். வோல்டேஜ் குறைந்தால் அதே வேலையை முடிக்க மோட்டார் கரண்டைக் கூட்டித்தான் இழுக்கும்.

எண்ணில் பார்ப்போம். 5 எச்.பி. என்றால் 5 × 746 = 3730 வாட். இது ஷாஃப்டில் கிடைப்பது. எஃபிஷியன்சி (இழுக்கும் பவரில் வேலையாக மாறும் பங்கு) 0.8, பவர் ஃபேக்டர் (வோல்ட்-ஆம்பியரில் நிஜ வாட்டாகும் பங்கு) 0.8, மூணு பேஸுக்கான 1.732 என்று வைத்தால்: 3730 ÷ (1.732 × 415 × 0.8 × 0.8) = 8.1 ஆம்பியர். 415க்குப் பதில் 350 போடுங்கள், 9.6 வரும். 320 போட்டால் 10.5. சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். 9.6ஐ 8.1ஆல் வகுத்து அதையே பெருக்கினால் 1.4. அதாவது காயிலில் நாற்பது சதவீதம் அதிகச் சூடு. 320இல் அறுபத்தெட்டு சதவீதம். (415ஐ 8ஆல் பெருக்கி 3320 வாட் என்று எழுதி வருகிறவர்களும் உண்டு. மூணு பேஸில் 1.732ஐயும் பவர் ஃபேக்டரையும் விட்டால் அது கணக்கே இல்லை.)

ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் நிலைமை இன்னும் மோசம். மோட்டாரின் சுற்றும் விசை (டார்க்) வோல்டேஜின் வர்க்கத்தில் விழுவதால், 350இல் 71 சதவீதம்தான் மிஞ்சும். வேகம் பிடிக்காமல் உறுமிக்கொண்டு நிற்கும்போது ஐந்தாறு மடங்கு கரண்டு போய்க்கொண்டிருக்கும்.

இந்த நேரத்தில், கரண்டு எல்லை மீறினால் மோட்டாரை நிறுத்துகிற ஸ்டார்ட்டர் ரிலே டிரிப் ஆகும். அதன் வேலையே அதுதான். உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து 8இல் இருந்த செட்டிங்கை 12க்குத் திருப்பிவிட்டு, "இப்ப நல்லா ஓடுதுங்க" என்பார்கள். சிலர் ஸ்டார்ட்டர் விழாமல் இருக்கக் குச்சியைச் சொருகி வைக்கிறார்கள். அதற்கு ஸ்டார்ட்டரே எதற்கு? ரிலேயை மோட்டார் பிளேட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு மேல் வைக்காதீர்கள்.

ஒரு பேஸ் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தால், மிச்ச இரண்டிலும் சுமார் 1.73 மடங்கு, எட்டு இருந்த இடத்தில் பதினாலு. எரிந்த மோட்டாரைத் திறந்தால் காயிலே சொல்லிவிடும். எல்லாம் ஒரே சீராகக் கருகியிருந்தால் லோ வோல்டேஜ் அல்லது ஓவர் லோடு. மூணு காயிலின் ஒரு முனையை ஓரிடத்தில் சேர்த்த ஸ்டார் கனெக்‌ஷனில் இரண்டு பேஸ் கருகி ஒன்று புதுசு போல இருந்தால் சிங்கிள் பேஸிங். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்துகிற பிரிவென்டர் போடாமல் மிச்சம் பிடித்த காசு காயில் கட்டவே போய்விடும்.

ஓம் கணக்கு நேராகப் பொருந்துகிற இடம் கேபிள். அங்கேதான் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஆயிரம் அடி போரில் 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள் விட்டால், ஒரு கம்பிக்குச் சுமார் 2.4 ஓம். பத்து ஆம்பியர் ஓடினால் 10 × 10 × 2.4 = 240 வாட், மூணு கம்பிக்கு 720. கிட்டத்தட்ட ஒரு எச்.பி. கேபிளைச் சூடாக்கவே போகிறது. மேலே 350 காட்டினால் கீழே மோட்டாருக்கு 317தான் கிடைக்கும். 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் ஒரு கம்பிக்கு ஒரு ஓம், இழப்பு 300 வாட், வோல்டேஜ் இறங்குவது 14தான். கேபிள் வாங்கும் அன்றைக்குக் கொஞ்சம் கை கூசாமல் இருங்கள்.

மல்டிமீட்டரை எடுப்பதாக இருந்தால் மெயினை இறக்கி, பியூஸைக் கழற்றிவிட்டு எடுங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் தொட்டு, அது காட்டும் 0.3, 0.4ஐக் கழியுங்கள். மூணு ஜோடியும் ஒரே ஓம் காட்ட வேண்டும். வித்தியாசம் இருந்து, இருக்க வேண்டிய ஓமைவிடக் குறைந்து காட்டினால் காயில் ஷார்ட், கூடிக் காட்டினால் ஜாயிண்ட் லூஸ். போர் மோட்டாரை மேலே நின்று அளந்தால் போகிற கம்பி, வருகிற கம்பி இரண்டின் ஓமும் சேர்ந்திருக்கும். எர்த் ஆகியிருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்காதீர்கள், அதற்கு இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் வேண்டும். கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு கம்பியாகத்தான் மாட்ட வேண்டும். மூணையும் சேர்த்து மாட்டிவிட்டு "கரண்டே இல்லீங்களே" என்றால் என்ன செய்ய?

ஸ்டார்ட்டர் டெர்மினலில் ஒரு திருகு லூஸாகி அரை ஓம் சேர்ந்தாலே, பத்து ஆம்பியரில் 50 வாட். ஒரு சால்டரிங் அயர்னைப் பெட்டிக்குள் எரியவிட்ட மாதிரி. வயர் முனையில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அதுதான் காரணம். வெட்டிவிட்டுப் புது லக் போட்டு முறுக்குங்கள்.