எடை தூக்கும் முன் எவ்வளவு நேரம் ஸ்ட்ரெச்சிங்?

ஜிம்முக்குள் நுழைந்ததும் ஒரு காலைத் தூக்கி பெஞ்சில் வைத்து, குனிந்து கால் விரலைப் பிடித்தபடி அப்படியே நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தொடையின் பின்பக்கம் நன்றாக இழுக்கும். மறு கையில் செல்போன் இருந்துவிட்டால் ஒரு நிமிடம் மூன்று நிமிடம் ஆகும். அப்புறம் நேராக ஸ்க்வாட், அதாவது எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி.

என்னிடம் பிசியோதெரபிக்கு வருபவர்களிடம் வார்ம்-அப் பற்றிக் கேட்டால் அநேகமாக இதைத்தான் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "தசை பிடிச்சுக்காம இருக்கத்தான்" என்பார்கள்.

அசையாமல் நெடுநேரம் நீட்டிப் பிடித்த தசை, அடுத்த சில நிமிடங்களுக்குத் தன் முழு பலத்தைக் காட்டாது. இது குறித்த நூற்றுச் சொச்சம் ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வந்த அலசலில், பலம் சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. நூறு கிலோ தூக்குபவருக்கு அது ஐந்து கிலோ. எவ்வளவு நேரம் பிடிக்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். 2016-ல் வந்த இன்னொரு தொகுப்பில், ஒரு தசையை 60 விநாடிக்குக் குறைவாக நீட்டியவர்களுக்குச் சுமார் 1 சதவீதமே குறைந்தது. அதற்கு மேல் போனவர்களுக்கு 4 சதவீதத்தைத் தாண்டியது.

காரணம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று நரம்பு: நீட்டிப் பிடித்த பிறகு, தசை நார்களை வேலைக்கு இறக்கும் உத்தரவு கொஞ்சம் மந்தமாகிறது. இன்னொன்று தசையும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாணும். அவற்றின் விறைப்பு குறைவதால், தளர்ந்த கயிற்றில் வாளியை இழுப்பதுபோல, முதல் இழுப்பில் ஒரு பங்கு தளர்வை எடுப்பதிலேயே போய்விடுகிறது. 2000-ல் வெளியான ஓர் ஆய்வில் கெண்டைக்கால் தசையை மொத்தம் அரை மணி நேரத்துக்கு நீட்டிப் பார்த்தார்கள் (யாரும் வீட்டில் அப்படிச் செய்யமாட்டார்கள், அது வேறு விஷயம்). உடனே பலம் 28 சதவீதம் இறங்கியது. ஒரு மணி நேரம் கழித்தும் 9 சதவீதக் குறைவு பாக்கி இருந்தது. நரம்பின் பங்கு 15 நிமிடத்தில் சரியாகிவிட்டது. தசைக்குத்தான் நேரம் பிடித்தது.

சரி, காயமாவது தடுக்கப்படுகிறதா? ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் 12 வாரப் பயிற்சியில் ஒவ்வொரு முறையும் முன்னதாகக் கால்களை நீட்டச் சொன்னார்கள். கால் காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மறுநாள் வரும் உடல்வலிக்கும் ஸ்ட்ரெச்சிங் பெரிதாக உதவுவதில்லை.

நான் சொல்லிக்கொடுப்பது எளிது. முதலில் ஐந்து பத்து நிமிடம் வேகநடையோ சைக்கிளோ, உடம்பு சூடாகி லேசாக வியர்க்கும் வரை. பிறகு அசைந்தபடியே நீட்டுவது: கால்களை முன்னும் பின்னும் வீசுவது, நடந்தபடியே முழங்காலை மடக்கி இறங்குவது, தோள்களைச் சுழற்றுவது. கடைசியாக, தூக்கப்போகும் அதே பயிற்சியைக் குறைந்த எடையில் இரண்டு மூன்று செட். நிமிடக்கணக்கில் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கைப் பயிற்சி முடிந்த பிறகோ, தனியாக வேறொரு நேரத்திலோ வைத்துக்கொள்ளலாம்.

விதிவிலக்கும் உண்டு. நடனம், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றில் மூட்டு முழு வீச்சுக்குப் போயே ஆகவேண்டும். கணுக்கால் இறுக்கத்தால் ஸ்க்வாட்டில் குதிகால் தூக்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் 20, 30 விநாடி நீட்டிவிட்டு, அசைவுப் பயிற்சிகளைச் செய்துவிட்டு எடைக்குப் போனால் பலம் அவ்வளவாகக் குறையாது. வெறும் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கு எதையும் போடவேண்டாம்.

ஆனால் தசையில் 'சுளீர்' என்று வலித்து, வீங்கியோ நீலம் பாய்ந்தோ இருந்தால் அது இறுக்கம் அல்ல, நார் கிழிந்திருக்கலாம். அதை இழுத்துவிட்டுச் சரிசெய்யப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.