வெஸ்டிங்: தமிழில் உரித்தாதல்

புதிதாகத் தொடங்கும் நிறுவனத்தில் ஒருவருக்குப் பேசிய பங்கை ஒரேயடியாகக் கொடுத்துவிடாமல், அவர் வேலை செய்யச் செய்ய அது அவருக்குச் சொந்தமாகும்படி எழுதிக்கொள்வதே வெஸ்டிங். திருகோணமலையில் ஸ்டார்ட்அப்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர்கள் சம்பளப் பேச்சுக்கு முன்பே இதைப் பேசி முடிப்பது நல்லது.

இலத்தீனில் 'வெஸ்டிஸ்' என்றால் ஆடை. உடுத்துவித்தல் என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஒருவரிடம் உரிமையைச் சேர்ப்பித்தல் என்று சட்டத்தில் நிலைத்தது.

தமிழில் சிலர் 'முதிர்வு' என்கிறார்கள். அது பொருந்தாது. வங்கியில் போட்ட நிலையான வைப்பு காலம் போனாலே முதிர்ந்துவிடும். இங்கே ஆளும் வேலையில் இருக்கவேண்டும். 'உரித்தாதல்' சரியான சொல். உரி, உரியது, உரித்து என்று வருவது. காணி அனுமதிப்பத்திரத்தில் 'பின்னுரித்தாளர்' என்று நம்மவர்கள் தினமும் காணும் அதே சொல்தான். ஆனால் சுருக்கி 'பங்கு உரித்தல்' என்று எழுதிவிடாதீர்கள். ஆங்கிலச் சொல் உடுத்துகிறது, இது தோலை உரித்துவிடும்!

வழமையான கணக்கு 4 ஆண்டு, அதில் முதல் ஆண்டு 'க்ளிஃப்' (ஆங்கிலத்தில் செங்குத்துப் பாறை). ஒருவருக்கு 4,800 பங்கு பேசியிருந்தால் முதல் ஆண்டு முடியும்வரை உரித்தாவது பூச்சியம். 12ஆம் மாதம் முடிந்ததும் ஒரேயடியாக 1,200. பிறகு மாதம் 100. 18ஆம் மாத முடிவில் விலகினால் 1,800 அவருக்கு, மிச்சம் 3,000 திரும்பவேண்டும். கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டை எட்டிப் பார்த்தவருக்குக் க்ளிஃப் என்ற பெயர் ஏன் என்று சொல்லத் தேவையில்லை. தமிழில் 'காத்திருப்புக் காலம்' போதும்.

சேருபவர்கள் அதை 6 மாதமாகக் குறைக்கச் சொல்லிக் கேட்பார்கள்; குறைத்தால் சிக்கல். நிலாவெளி, உப்புவெளிப் படகுச் சவாரிக்கு முன்பதிவுச் செயலி செய்யும் குழுவை எடுங்கள். இந்தக் கரையில் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. ஏப்ரலில் சேர்ந்தவர் பருவம் முடிந்த கையோடு, ஒக்டோபரில் பங்குடன் போய்விடலாம். வாடிக்கையாளர் இல்லாத மாரியில் செயலியைத் திருத்தி எழுத ஆள் இருக்காது. இறுதியாண்டு மாணவரை இணை நிறுவனராகச் சேர்த்தாலும் இதே சிக்கல்: பட்டம் கிடைத்ததும் கொழும்பில் வேலை வரும்.

பெரிய பிழை பதிவில்தான் நடக்கிறது. கம்பனியைப் பதியும்போதே பங்கு முழுவதையும் பெயரில் எழுதிவிடுகிறார்கள்; உரித்தாதல் வாய்ப்பேச்சாகவே நின்றுவிடுகிறது. பங்குப் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பங்குதாரர். அவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ போய், பங்கு மாற்றப் பத்திரத்தில் கையெழுத்து வைக்காவிட்டால், பணம் போட வந்தவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஆகவே பதிவுக்கு முன்பே பங்குதாரர் உடன்படிக்கை வேண்டும்: மாதக் கணக்கு, விலகினால் என்ன விலை, எத்தனை நாளுக்குள் மாற்றுவது, கையெழுத்து வராவிட்டால் யாருக்கு அற்றோணித் தத்துவம் (அவருக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரம்) என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். உரித்தாகாத பங்கை மற்ற நிறுவனர்களுக்கு மாற்றுவதாக எழுதுவது இலகு. கம்பனியே திரும்ப வாங்குவதானால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி கடன்தீர் வல்லமைச் சோதனையில், அதாவது வாங்கிய பிறகும் கடன்களைக் கட்ட முடியுமா என்ற சோதனையில், தேறவேண்டும்.

ஊழியருக்கும் இப்படிப் பங்கு கொடுக்கலாம். அதைக் காட்டி ஊழியர் சேமலாப நிதிக்கான 12 சதவீதத்தையும் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதத்தையும் தொழில்தருநர் தவிர்க்கமுடியாது.