பட்டப்பெயரை விடுங்கள், எண்ணைத் தேடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். அவருடைய பாட்டியைப் பெற்ற அம்மாவின் திருமணப் பதிவுச் சான்று அது. பழுப்பேறிய தாள், மடித்த இடமெல்லாம் கிழிசல். மணமக்கள் பெயர் தெரிகிற நடுப்பகுதியை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தார். "எங்கள் ஆயா வீட்டுப் பெயர் கவெண்டர், அதாவது கவுண்டர். எங்கள் ஊர் எது என்று கண்டுபிடித்துத் தர முடியுமா?"

முழுத் தாளையும் அனுப்புங்கள், ஓரத்தில் இருக்கும் கறையைக்கூட விட்டுவிடாதீர்கள் என்றேன். அனுப்பினார். மணமகள் பெயருக்குப் பக்கத்தில், சாய்ந்த எழுத்தில் ஐந்து இலக்க எண் ஒன்று இருந்தது. "அது ஏதோ ஆபீஸ் நம்பர் என்று நினைத்து வெட்டிவிட்டேன்" என்றார்.

சென்னையில் இருந்துகொண்டு, ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களின் வம்சத்தாருக்காக ஆவணம் தேடிக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டப்பெயரோடுதான் வருகிறார்கள். கவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, படையாச்சி, செட்டி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் ஓர் ஊரைத் தேடுவது, வைக்கோல்போரில் ஊசியைத் தேடுவதைவிடக் கஷ்டம். ஊசியாவது உண்மையில் அங்கே விழுந்திருக்கும்.

டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனவர்களைப் பற்றித் தேடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். 1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல், நவம்பர் 16-ஆம் தேதி டர்பனை அடைந்தது. அன்றிலிருந்து 1911-ல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்படும்வரை 1,52,184 பேர் போய் இறங்கினார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மெட்ராஸில் ஏறியவர்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஓர் எண் கொடுத்தார்கள். ஒரே வரிசையில் ஓடும் எண் அது. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கவில்லை.

மனிதரை எண்ணாக்கிய கொடுமைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் அவரை விட்டுப் போகவே இல்லை. ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்று, திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, முதலாளிமீது கொடுத்த புகார் என்று பல தாள்களில் அதே எண் வருகிறது. முனியம்மாவை ஒரு தாளில் மூனியாமா என்றும் இன்னொன்றில் மோனியம் என்றும் எழுதியிருப்பார்கள். எண் மட்டும் பெரும்பாலும் மாறாது. நேட்டாலில் எத்தனையோ முனியம்மாக்கள் இருந்தார்கள். அந்த எண்ணுக்கு உரியவர் ஒருவர்தான்.

எண் கிடைத்தால் கப்பல் பதிவேட்டுக்குப் போகலாம். அதில் இருப்பவை: பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம், யாரிடம் வேலைக்கு அனுப்பினார்கள் என்ற விவரம். குவாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

ஆசிரியையின் கொள்ளுப்பாட்டி 1890-களின் கடைசியில் போனவர். வயது 22. இடது கணுக்காலில் தழும்பு. அந்தத் தழும்பைப் படித்துச் சொன்னபோது, "போட்டோவில்கூட அவங்களைப் பார்த்ததில்லை" என்று மட்டும் சொன்னார்.

சரி, ஜாதிக் கட்டம். இதைச் சொல்லாமல் போக முடியாது. பதிவேட்டில் இருந்தது கவுண்டர் பட்டத்துக்குச் சம்பந்தமில்லாத, ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பெயர். கணவர் வழியில் வந்த பட்டம் வேறு, மனைவியின் ஜாதி வேறு என்பதும் உண்டு. அது மட்டுமில்லை. கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் ஒற்றைப் பெயரோடு போனவர்கள். பட்டம் என்பது பலருக்குப் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. சிலருக்கு அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. சிலர் ஊரில் மறுக்கப்பட்ட மரியாதையைப் புது மண்ணில் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. எனக்கு அது பெருமையாகத்தான் படுகிறது. அதே சமயம், ஜாதிக் கட்டத்தில் இருப்பதும் வேதவாக்கு அல்ல. வந்தவர் சொன்னது, குமாஸ்தா காதில் விழுந்தது, ஆள் சேர்த்துவிட்ட ஆள்கட்டி சொல்லிக் கொடுத்தது என மூன்றும் அதில் கலந்திருக்கும். ஆகவே ஜாதியை வைத்து ஊரை முடிவு செய்யாதீர்கள். ஊரை வைத்து ஜாதியையும் முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் ஊர்ப் பெயர். வெள்ளைக்கார எழுத்தைக் கண்ணால் படித்தால் பிடிபடாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும். ட்ரினோமலி என்றால் திருவண்ணாமலை. வாண்டிவாஷ் வந்தவாசி. சிங்கிள்பட் செங்கல்பட்டு. கஞ்சிவரம் காஞ்சிபுரம். பெரிய ஊர்கள் இப்படிச் சீக்கிரம் பிடிபட்டுவிடும். சின்ன கிராமங்களுக்கு, அந்தத் தாலுகாவின் ஊர்ப் பட்டியலை எதிரில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பதுதான் வழி. புதூர் என்று மட்டும் இருந்தால், தாலுகா தெரியாமல் ஓர் அடிகூட நகர முடியாது.

ஜில்லாவும் ஏமாற்றும். பதிவேட்டில் வட ஆற்காடு என்று பார்த்ததும் பலர் நேராக வேலூருக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். 1911-ல் சித்தூர் ஜில்லாவைப் பிரிப்பதற்கு முன்பு, வட ஆற்காட்டின் தலைநகரமே சித்தூர்தான். கப்பல்கள் ஓடிய காலம் ஏறக்குறைய முழுக்க அந்தத் தெலுங்குப் பகுதிகளும் வட ஆற்காட்டில்தான் இருந்தன. உங்கள் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம். 1989-ல் திருவண்ணாமலை தனியானது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இத்தனை கோடுகளையும் அழித்துவிட்டுப் பழைய வரைபடத்தில் பார்க்க வேண்டும்.

வீட்டுப் பேச்சும் உதவும். ஆசிரியையின் குடும்பத்தில் யாருக்கும் தமிழ் பேச வராது. ஆனால் பாட்டியை ஆயா என்கிறார்கள். அது வட மாவட்டங்களில் இன்றும் புழங்கும் சொல். கோயிலில் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள் என்றும் சொன்னார். அதுவும் அந்தப் பக்கத்துப் பழக்கந்தான். இவை நிரூபணம் ஆகாது, திசை காட்டும். அப்பாவை நைனா என்று கூப்பிடும் வீடாக இருந்தால் தெலுங்குக் கிராமங்களையும் சேர்த்துத் தேடுவேன்.

கொள்ளுப்பாட்டியின் வரியில் போளூர் தாலுகா என்பது தெரிந்தது, கிராமத்தின் பெயர் மட்டும் மை பரவிப் போயிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் நான் செய்வது ஒன்றுதான்: மேலே பத்து வரி, கீழே பத்து வரி படிப்பேன். ஒரே ஊர்க்காரர்களும் உறவுகளும் ஒன்றாக வந்து பெயர் கொடுத்திருந்தால், எண்களும் அடுத்தடுத்து வரும். ஆறு வரி மேலே ஓர் இளைஞர். அதே போளூர் தாலுகா. கிராமத்தின் பெயர் தெளிவாக இருந்தது. மை பரவிய இடத்தில் தெரிந்த முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அதோடு பொருந்தின. அந்த இளைஞரின் பெயரைச் சொன்னதும், "அது எங்கள் மாமா" என்றார் ஆசிரியை. ரத்த உறவு இல்லை, ஏன் மாமா என்று கூப்பிட்டார்கள் என்றே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மாமாவின் பேத்தி வீட்டில் ஒப்பந்தம் முடிந்த சான்று ஒன்று பத்திரமாக இருந்தது. அதிலும் பதிவேட்டில் அந்த இளைஞருக்கு இருந்த அதே எண்.

கீழே பார்த்தேன். கொள்ளுப்பாட்டிக்கு அடுத்த எண், மூன்று வயதுப் பெண் குழந்தை. தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் யாருக்கும் தெரியாத ஒரு பெயர். குறிப்புக் கட்டத்தில், மறு வருடமே இறந்துவிட்டதாக ஒரு சொல். கொள்ளுப்பாட்டி நேட்டாலில் கட்டிக்கொண்டது இரண்டாம் கல்யாணம் என்பதும், முதல் கணவரின் பெயரும், அப்படி ஒரு குழந்தை இருந்ததும் அந்த ஒரு வரியிலிருந்துதான் தெரிந்தன. இந்த மாதிரி விஷயத்தைச் சொல்வதற்கு முன்பு எப்போதும் கேட்டுவிடுவேன், "தெரிந்துகொள்ள விருப்பமா?" என்று. வேண்டாம் என்பவர்களும் உண்டு. இவர் வேண்டும் என்றார். போனில் வெகுநேரம் சத்தமே இல்லை.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம். எல்லோரும் ஊரைத்தான் கேட்கிறார்கள். அவர் வாழ்ந்த வாழ்க்கையோ ஊரில் இல்லை, நேட்டாலில் இருக்கிறது. ஐந்து வருட ஒப்பந்தம். ஆணுக்கு முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூட்டி ஐந்தாம் வருடம் பதினான்கு. பெண்ணுக்கு அதில் பாதி. 1895-ல் இயற்றிய சட்டத்துக்குப் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி கூலியாகச் சேர வேண்டும், அல்லது ஊர் திரும்ப வேண்டும், அதுவும் இல்லையென்றால் வருடத்துக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். ஐந்தாம் வருடக் கூலியில் ஓர் ஆணுக்கு நாலு மாதத்துக்கும் மேற்பட்ட சம்பளம். ஒரு பெண்ணுக்கு எட்டு மாதத்தையும் தாண்டும். பிறகு பதினாறு வயதுப் பையனுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும்கூட வரி போட்டார்கள். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-ல்தான் அது ஒழிந்தது. "பாட்டன் ஏன் இரண்டாம் முறையும் அதே கரும்புத் தோட்டத்துக்குப் போனார், புத்தியில்லையா?" என்று ஒரு பேரன் கேட்டார். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

இந்த வாழ்க்கையைத் தேட, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகள் இருக்கின்றன. அடி, பட்டினி, நிறுத்திவைத்த கூலி என்று புகார் சொன்னவர்களின் வாக்குமூலங்கள் அவற்றில் உண்டு. முன்னோர் இறந்தபின் சொத்துக் கோப்பு திறக்கப்பட்டிருந்தால், அதிலுள்ள இறப்பு அறிவிப்பில் பிள்ளைகள் பெயர் வரிசையாக இருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அருமையான இடம். ஆனால் அங்கே அரசாணைகளைத் துறைவாரியாக, தேதிவாரியாகத்தான் தேட முடியும். பாட்டனின் பெயரைச் சொன்னதும் எடுத்துத் தருவார்கள் என்று நம்பி விமானம் ஏறாதீர்கள்.

கிராமத்துக்குப் போவதிலும் ஓர் எச்சரிக்கை. போனவர்களில் பலருக்கு நிலம் கிடையாது; நிலப் பதிவேட்டில் அவர்கள் பெயர் வராது. இந்த இடைவெளியில்தான் தரகர்கள் புகுந்துவிடுகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரு வீட்டைக் காட்டி, இவர்தான் உங்கள் பங்காளி என்பார்கள். மாலை போட்டு, சாப்பாடு போட்டு, அடுத்த மாதம் கோயில் திருப்பணிக்கு நன்கொடை கேட்பார்கள். தகப்பன் பெயரையும் எண்ணையும் எந்தத் தாளில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். தாள் இல்லையென்றால் காசு கொடுக்காதீர்கள்.

தாள் இருந்தாலும் தவறு நடக்கும். ஆரம்பத்தில் நானே ஒரு குடும்பத்துக்குப் பெயரும் வயதும் பொருந்தியதை வைத்துத் தவறான ஊரைச் சொல்லிவிட்டேன். தகப்பன் பெயரைச் சரிபார்க்கவில்லை. அவர்கள் அங்கே போய் மண் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் தெரிந்தது. கூப்பிட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து எண், தகப்பன் பெயர், தாலுகா என மூன்றும் பொருந்தாமல் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை.

போன ஆடி மாதம் ஆசிரியை மறுபடி கூப்பிட்டார். வீட்டில் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சப் போகிறார்களாம். முன்னோர் பெயர்களைச் சொல்லி விளக்கேற்றும்போது அந்தக் குழந்தையின் பெயரையும் சொல்ல வேண்டும் என்றார். பதிவேட்டில் இருக்கிற எழுத்தைப் பார்த்து ஆளுக்கு ஒரு மாதிரி உச்சரிக்கிறார்கள், ஊரில் எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று கேட்டார். மெதுவாக ஒரு தடவை, கூப்பிடுகிற மாதிரி ஒரு தடவை, குரலைப் பதிவு செய்து அனுப்பினேன்.